உள்ளிழுத்தாலும் பாடும் குழாய்

அது ஊமை என்று பாரிஸில் மூன்று பெரிய மனிதர்கள் முடிவு கட்டிய பிறகுதான் பட்டறைக்காரர் மகள் பெரினிடம் வந்து சேர்ந்தது. ஒருவர் புல்லாங்குழல் வித்வான். இன்னொருவர் மருத்துவர், நெஞ்சு அகலமானவர் என்பதற்காக அவரை ஊதச் சொன்னார்களாம். மூன்றாமவர் அதன் சொந்தக்காரரான தெ வெர்னுவா பிரபு. மூவரும் முகம் சிவக்க ஊதிப் பார்த்தார்கள். புஸ்ஸென்று காற்று வந்ததே தவிரச் சத்தம் வரவில்லை. தங்களுக்கு ஊதத் தெரியவில்லையோ என்று மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சீனர்களே அதை ஊத மறந்திருப்பார்கள் என்று தோன்றியது.

பெஞ்சின் மேல் அது நின்றது. கையில் அடங்கும் கறுப்பு அரக்குக் கிண்ணம். கிண்ணத்தின் மேல் வட்டமாக நட்ட பதினேழு மூங்கில் குழாய்கள், நடுவில் உயரமாகவும் ஓரத்தில் குட்டையாகவும், ஒரு பறவை சிறகை மடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி. கிண்ணத்தின் பக்கவாட்டில் கெண்டி மூக்கு போல ஊதுவாய். சீனர்கள் அதை ஷெங் என்கிறார்களாம்.

அனுப்பியவர் பீக்கிங்கிலேயே கிழவராகிப்போன ஒரு பிரெஞ்சுப் பாதிரியார். அவருடைய சபையைப் போப்பாண்டவர் கலைத்து ஐந்து வருஷம் ஆகிறது. மனிதர் ஊர் திரும்பவில்லை. அங்கேயே உட்கார்ந்துகொண்டு, பாரிஸ் கேட்டதையெல்லாம் சீனர்களிடம் கேட்டார், சீனர்கள் கேட்டதையெல்லாம் பாரிஸுக்கு எழுதினார். பீங்கானுக்கு எந்த மண், அம்மைப் பொருக்கைப் பொடித்து மூக்கில் ஊதி அம்மையைத் தடுப்பது எப்படி, மூவாயிரம் வருஷத்துக்கு முன் சூரியனை எந்த நாளில் நிழல் பிடித்தது, எல்லாம் கடிதமாக வரும். வரவேற்பறைகளில் அதைப் படித்துவிட்டு, பாதிப்பேர் சீனாவைச் சொர்க்கம் என்பார்கள், மீதிப்பேர் சுடுகாடு என்பார்கள். போய்ப் பார்த்தவர் ஒருவரும் கிடையாது. இந்த முறை கடிதத்தோடு வாத்தியமும் வந்திருந்தது. கான்டன் வரை வண்டி, அங்கிருந்து கப்பல், லோரியான் துறைமுகத்தில் சுங்கம் என்று ஒன்றரை வருஷப் பயணம்.

தெ வெர்னுவா கெட்டவர் அல்ல. நிறையப் படித்தவர், அவ்வளவுதான். ஈஸ்டர் எனும் பாஸ்காப் பண்டிகை முடிந்ததும் கல்விச்சபையில் ஒரு கட்டுரை வாசிக்கப் போகிறார். சீனர்களின் சங்கீதம் மிகப் பழையது, மரியாதைக்குரியது, ஆனால் ஒற்றை இழையாலானது. இரண்டு மூன்று சுரங்களைச் சேர்த்து ஒலிக்கச் செய்யும் வித்தை ஐரோப்பாவுக்கு மட்டுமே வாய்த்தது. கட்டுரையின் சாரம் இதுதான். அதற்கு முன் ஒவ்வொரு குழாயும் என்ன சுரம் என்று குறித்துக்கொள்ள வேண்டும். குழாய் பேசினால்தானே குறிக்க முடியும்? அதனால், கோயிலில் துருத்திக் காற்றால் பாடும் குழாய் வாத்தியமான ஆர்கனைச் செய்கிறவர்களிடம் கொண்டுவந்தார். பெரிய பட்டறைகள் கைவிரித்த பிறகு, பியெவ்ர் ஆற்றங்கரைத் தோல் பதனிடும் நாற்றத்துக்குள் இருக்கும் இந்தப் பட்டறைக்கு.

பட்டறை பெரினின் அப்பாவுடையது. அவர் செத்து நான்கு வருஷம். விதவை என்கிற உரிமையில் அம்மா நடத்துகிறாள். அம்மா போய்விட்டால் உரிமையும் போய்விடும், கதவில் முத்திரை வைத்துவிடுவார்கள். போன குளிர்காலத்தில் பங்குப் பாதிரியார் வந்து அம்மாவுக்கு, சாகிறவர்களுக்குப் பூசும் கடைசி எண்ணெய்கூடப் பூசிவிட்டார். அம்மா எப்படியோ பிழைத்து, முதல் வேலையாக அவர் செருப்புச் சேற்றைத் தரையில் அப்பிவிட்டுப் போனதற்குத் திட்டினாள். அடுத்த குளிர்காலம் எப்படியோ.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ராஜா கைவினைச் சங்கங்களையெல்லாம் கலைத்துத் திரும்பக் கட்டியபோது, பெண்களும் பட்டறை முதலாளி ஆகலாம் என்று ஒரு வரி சேர்த்தார். ஆர்கன்காரர்களை விசிறி செய்கிறவர்களோடும் தந்தச் சீப்பு செய்கிறவர்களோடும் ஒரே சங்கத்தில் அடைத்ததும் அதே உத்தரவுதான். பெரின் போய் நின்றபோது சங்கத்துப் பெரியவர்கள் சட்டத்தை மறுக்கவில்லை. கைவேலை ஒன்று காட்டு, அதோடு படித்த மனிதர் ஒருவரின் சான்றுக் கடிதமும் கொண்டுவா என்றார்கள். ஆண்களிடம் கடிதம் கேட்பதில்லையே என்று அவள் கேட்டாள். ஆண்களைத்தான் எங்களுக்குத் தெரியுமே என்றார் அவர்களில் ஒருவரான விசிறிக்காரர். சங்கம் கூடுவது பாஸ்காவுக்கு அடுத்த செவ்வாய். அதை விட்டால் இன்னும் ஒரு வருஷம்.

ஆகவே தெ வெர்னுவா அந்தப் பெட்டியோடு வாசலில் வந்து நின்றபோது, பெரின் பெட்டியைப் பார்க்கவில்லை. கடிதம் எழுதப்போகிற அவர் கையைத்தான் பார்த்தாள். சங்கத்து விஷயம் அவர் காதுக்கும் எட்டியிருந்தது; இந்த வாத்தியத்தைப் பேச வைத்தால் சான்றுக் கடிதம் எழுதித் தருகிறேன் என்றார், அவள் கேட்காமலே.

"ஏண்டி, இது என்ன பிரபு வீட்டுப் பூச்சாடியா?" என்றாள் அம்மா, அவர் போனதும். "தண்ணி ஊத்தி வை. பாஸ்காவுக்குள்ள பூக்கும்."

பாஸ்காவுக்கு முந்தைய தவக்காலம் நடந்துகொண்டிருந்தது. தவக்காலத்தில் ஆர்கன் வாசிக்க மாட்டார்கள். அந்த நாற்பது நாளில்தான் எல்லாக் கோயில்களிலிருந்தும் குழாய்கள் கழற்றிச் சுத்தம் செய்ய வரும். வேலைக்காரர் காஸ்பாரும் பெரினும் ஒரு மாதமாக வேறு எதுவும் செய்யவில்லை. வருஷம் முழுவதும் மேலே சொட்டிய மெழுகுவர்த்தி மெழுகைக் கத்தியால் சுரண்டு, துடை, அடுத்ததை எடு. கைகள் தானாகவே சுரண்டும் அளவுக்குப் பழகியிருந்தன.

அந்தக் கைகளோடுதான் அவள் புதன்கிழமை காலை முதல் குழாயை உருவினாள்.

குழாயின் அடியில் நகம் அளவு பித்தளைத் தகடு ஒட்டியிருந்தது. அந்தத் தகட்டிலேயே மூன்று பக்கம் வெட்டி விட்ட மெல்லிய நாக்கு. நாக்கின் நுனியில் ஒரு பொட்டு மெழுகு. அவள் யோசிக்கக்கூட இல்லை, கத்தி போய்ச் சுரண்டிவிட்டது.

பிறகு நாக்கைப் பார்த்தாள். ஆர்கன் குழாயின் நாக்கு என்பது ஒரு கதவு. வாசலைவிடக் கதவு கொஞ்சம் பெரிது. காற்று தள்ளும்போது கதவு நிலையில் படபடவென்று அடித்துக்கொள்ளும். அந்த அடியில்தான் சத்தம் பிறக்கிறது. பத்து வயதிலிருந்து அவள் வெட்டி வளைத்துப் பழகிய கதவு. இந்த நாக்கோ வாசலைவிட மயிரிழை சின்னதாக இருந்தது. எதன் மேலும் படாமல் உள்ளே போய் வெளியே வரும்படி தொங்கியது. அடித்துக்கொள்ள நிலை இல்லாத கதவு எப்படிச் சத்தம் போடும்? தேய்ந்துவிட்டது என்றாள் பெரின். பித்தளை சுருங்கிவிட்டது என்றார் காஸ்பார். முப்பது வருஷ அனுபவம் அப்படித்தான் சொல்லும்.

வாசலை மூடும் அளவுக்கு அகலமான புது நாக்கை வெட்டிப் பழையதன் மேல் பற்றவைத்தாள். குழாயின் அடிப்பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. பூச்சி அரித்தது என்று நினைத்து அதையும் அடைத்தாள். வாயில் வைத்து ஊதினாள். வாத்தின் கழுத்தைத் திருகினால் வருமே, அந்தச் சத்தம் வந்தது. ஆனால் வந்தது.

மறுநாள் தெ வெர்னுவா வந்து கேட்டுவிட்டுக் கைதட்டினார். இரண்டு வருஷத்துக்கு முன் பீக்கிங்கில் அடைத்த குரல் என்று உருகினார். மீதியையும் இதே மாதிரி செய்துவிடு, சனிக்கிழமை வருகிறேன், கடிதம் கையோடு என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை இரண்டாவது குழாயை எடுத்தாள். கத்தி நாக்கின் பக்கம் போனது. நின்றது.

அதன் நுனியிலும் ஒரு பொட்டு மெழுகு இருந்தது. அதே இடத்தில்.

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எல்லாக் குழாய்களையும் உருவினாள். நான்கில் நாக்கே கிடையாது, வரிசை அழகுக்காக நட்டவை. முந்தாநாள் தான் கெடுத்ததை விட்டால் நாக்குள்ளவை பன்னிரண்டு. பன்னிரண்டிலும் மெழுகு. பன்னிரண்டிலும் நாக்கின் நுனியில், வேறு எங்கும் ஒரு சொட்டுக்கூட இல்லை. நெட்டைக் குழாய்களில் பெரிய பொட்டு, குட்டைக் குழாய்களில் கடுகளவு. மெழுகுவர்த்தி இப்படிக் குறி பார்த்துச் சொட்டாது.

அப்பாவின் பூதக்கண்ணாடியை எடுத்து ஜன்னலடியில் உட்கார்ந்தாள். ஒரு பொட்டில் நகம் பதிந்த கோடு தெரிந்தது. இன்னொன்றில் பாதி மெழுகைச் சுரண்டிவிட்டு, அதிகம் சுரண்டிவிட்டோம் என்று ஒரு துணுக்கைத் திரும்ப ஒட்டியிருந்தது தெரிந்தது. துணுக்கு என்றால், ஊசி முனையில் எடுத்து வைக்கிற துணுக்கு.

கண்ணாடியை இறக்கி மடியில் வைத்தாள். அந்தத் துணுக்கை அவளுக்குத் தெரியும். அவளும் அதைத்தான் தினமும் செய்கிறாள், மெழுகு இல்லாமல், ஒரு கம்பியை மயிரளவு மேலே தட்டி, மயிரளவு கீழே தட்டி. நுனியில் எடை ஏறினால் நாக்கு சோம்பும், சுருதி இறங்கும். எடை குறைந்தால் ஏறும். யாரோ ஒருவன் காதைச் சாய்த்துக் கேட்டு, சுரண்டி, கேட்டு, ஒட்டி, கேட்டிருக்கிறான். புதன்கிழமை அவள் சுரண்டிப் போட்டது அழுக்கு அல்ல. ஒருத்தனுடைய காது.

சுருதி சேர்த்த வாத்தியம் என்றால் பாடிய வாத்தியம். அப்படியானால் எதுவும் தேயவில்லை. எதுவும் சுருங்கவில்லை. நிலையில் அடிக்காத கதவு, அப்படியே பாடும்.

எப்படி என்று மட்டும் தெரியவில்லை. குழாய்களைக் கிண்ணத்தில் திரும்ப நட்டு ஊதினாள். புஸ். கிண்ணத்தைத் திருப்பிப் பிடித்து ஊதினாள். புஸ். இரண்டு கையாலும் கிண்ணத்துக்குச் சற்று மேலே குழாய்களைச் சேர்த்து அணைத்து, எங்காவது காற்று ஒழுகுகிறதா என்று மெல்ல ஊதியபோது கட்டைவிரலடியில் ஏதோ அதிர்ந்தது. சத்தம் வந்தது. விரலை எடுத்தாள், போய்விட்டது. வைத்தாள், வந்தது.

விரலுக்கு அடியில் அந்த ஓட்டை. பூச்சி அரித்தது என்று அடைத்தாளே, அதே ஓட்டை, எல்லாக் குழாயிலும். பாரிஸில் இருக்கிற எந்தக் குழலிலும் ஓட்டையைத் திறந்தால் ஒரு சுரம், மூடினால் வேறு சுரம். இதில் திறந்தால் மௌனம், மூடினால் பேச்சு. மூன்று பெரிய மனிதர்கள் கிண்ணத்தைக் கோப்பை மாதிரி கீழே பிடித்துக்கொண்டு, எல்லா வாயையும் திறந்து வைத்துவிட்டு, ஏன் பேசவில்லை என்று கேட்டிருக்கிறார்கள்.

அந்தச் சத்தம் வாத்து இல்லை. அது எங்கே தொடங்கியது என்றே அவளால் சொல்ல முடியவில்லை. ஆர்கன் நாக்கு பேச ஆரம்பித்தால் கதவைத் தட்டுகிற மாதிரி ஆரம்பிக்கும். இது இல்லாமையிலிருந்து எழுந்து வந்தது. மூச்சைக் கூட்டினால் வளர்ந்தது, குறைத்தால் மெலிந்தது, சுருதி மட்டும் நூல் கட்டிய மாதிரி அசையவில்லை. ஆர்கனில் அது நடக்காது. காற்றைக் கூட்டினால் சுருதி கெட்டுவிடும். இருநூறு வருஷமாக இந்தத் தொழிலில் எல்லோரும் தலையை உடைத்துக்கொண்ட விஷயம், அவள் கட்டைவிரலடியில் சாதாரணமாக நடந்துகொண்டிருந்தது.

மூச்சு முட்டியது. வாயை எடுக்க மறந்து அப்படியே உள்ளே இழுத்தாள்.

அது நிற்கவில்லை. பாடிக்கொண்டே இருந்தது. அதே சுரம், அதே குரல், இப்போது காற்று எதிர்ப்பக்கம் ஓட. உள்ளே போன கதவு வெளியே வருகிறது, அவ்வளவுதானே; நிலை இல்லாத கதவுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதானே. வெளியே விட்டாள், பாடியது. இழுத்தாள், பாடியது. புல்லாங்குழல்காரன் நிறுத்துவான், பாடுகிறவள் நிறுத்துவாள், எக்காளம் நிறுத்தும், மூச்சு வாங்குகிற எல்லோரும் நடுவில் நிறுத்தியே ஆக வேண்டும். பெரினுக்குத் தெரிந்த உலகத்தில் நிறுத்தாமல் பாடுவது ஆர்கன் மட்டும்தான். அதற்கும் பின்னால் துருத்தி மிதிக்க இரண்டு ஆள் வேண்டும். இங்கே மூச்சு வாங்குவதே பாட்டாக இருந்தது. தன் நெஞ்சு சுருங்குவதையும் விரிவதையும் அவள் முதல் தடவையாகக் காதால் கேட்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. அதைத் துடைக்க விரலை எடுத்தால் சத்தம் நின்றுவிடும் என்று துடைக்கவில்லை.

பிறகு இரண்டாவது விரலை வைத்தாள். இரண்டு குழாய் சேர்ந்து பாடின. மூன்றாவது விரல். பட்டறை நிறைந்தது.

காஸ்பார் கொல்லையிலிருந்து வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கோயிலிலேயே தொப்பியைக் கழற்ற மறக்கிற ஆள். அம்மா மாடிப்படியில் கரண்டியோடு வந்து, தவக்காலத்தில் யாருடி கோயில் வாசிப்பு வாசிக்கிறது என்று கேட்க வாயைத் திறந்தவள், கேட்காமலே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

சத்தம் நின்றதும் காஸ்பார் பெஞ்சைக் காட்டினார்.

"அப்ப அந்த ஒண்ணு?" என்றார்.

அந்த ஒன்று பெஞ்சில் கிடந்தது. பற்றவைத்த சூட்டில் பழைய நாக்கின் முறுக்கு செத்துப்போயிருந்தது. புதுத் தகட்டைக் கழற்றினாலும் அது இனி துள்ளாது. மெழுகு குப்பையோடு போய்விட்டது. பதிமூன்றில் ஒன்றை அவள் கொன்றுவிட்டாள்.

மத்தியானம் வெங்காயச் சூப்பின் முன் உட்கார்ந்து மூவரும் அதைப் பற்றித்தான் பேசினார்கள். அம்மாவின் வழி சுலபமாக இருந்தது. பிரபுவுக்கு வாத்துச் சத்தம் பிடித்திருக்கிறது. மீதிப் பன்னிரண்டையும் வாத்தாக்கிக் கொடு, கடிதத்தை வாங்கு. அது பாவம் என்று காஸ்பார் சொன்னதும் அம்மா அதைவிடச் சுலபமான வழிக்கு வந்தாள். பன்னிரண்டையும் அப்படியே கொடு, உடைந்த ஒன்று கப்பலிலேயே உடைந்து வந்தது என்று சொல்.

"அந்தச் சீனாக்காரன் கப்பலேறி வந்து சாட்சி சொல்லப் போறானா?" என்றாள். "நீ கெடுத்தேன்னு சொன்னா அந்த மனுஷன் எழுதுவானாடி? நான் எத்தன குளிரு தாங்குவேன்னு நெனைக்கிற?"

பெரின் சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். அம்மா சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

சனிக்கிழமை தெ வெர்னுவா வந்தார். கடிதம் எழுதத் தாளும் மைக்கூடும் கூடவே கொண்டுவந்திருந்தார். பெரின் வாத்தியத்தை எடுத்து ஊதினாள், இழுத்தாள், ஊதினாள். ஒரு குழாய், பிறகு இரண்டு, பிறகு மூன்று. அவர் உட்கார்ந்திருந்த முக்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். அவர் முகத்தில் பிரபு போய், ஆறு வயதுப் பையன் வந்து, மறுபடி கல்விச்சபைக்காரர் வந்தார்.

அழகு என்று ஒப்புக்கொண்டார். ஆனால் சேர்த்து ஊதியது நீ, பாரிஸ்காரி, உன் விரலுக்குப் பழகிய சேர்க்கையை அவர்கள் வாத்தியத்தில் ஏற்றுகிறாய், அவர்கள் ஒவ்வொன்றாகத்தான் ஊதியிருப்பார்கள் என்றார். கட்டுரை ஏற்கெனவே நகல் எடுக்கப் போய்விட்டது என்பதையும் மெல்லிய குரலில் சொன்னார்.

பெரினுக்கு ஆத்திரம் வந்தது. வந்தால் அவளுக்குக் குரல் உயராது, தாழும்.

"ஐயா, ரெண்டு குழாய சுருதி சேக்குறதுன்னா என்னன்னு தெரியுங்களா?" என்றாள். "ஒண்ண ஊதி, நிறுத்தி, அப்பறம் இன்னொண்ண ஊதினா, கிட்டத்தட்ட சரியா வரும். கிட்டத்தட்டதான். முழுசாச் சேரணும்னா ரெண்டையும் ஒரே நேரத்துல ஊதணும். சேராதப்ப சத்தம் நடுங்கும், அல அடிக்கும். சொரண்டச் சொரண்ட அந்த அல மெதுவாகும். அது அடியோட நின்னாத்தான் சேந்துச்சுன்னு அர்த்தம். இப்பக் கேளுங்க."

இரண்டு ஓட்டைகளை மூடி ஊதினாள். ஒன்று மேல் சுரம், ஒன்று அதே சுரத்தின் கீழ் ஸ்தாயி. இழைத்த பளிங்கு மாதிரி இருந்தது. நடுக்கமே இல்லை. இன்னொரு ஜோடியை மூடினாள். அதிலும் இல்லை.

"ஒன்றரை வருஷம் கப்பல்ல குலுங்கியும் இப்படி நிக்குது. ஒண்ணொண்ணா ஊதுறவனுக்கு இது தேவையே இல்லீங்க. ஊசி மொனையில மெழுகு எடுத்து வெச்சிருக்கான். சேத்து ஊதிக் கேக்காம இத யாராலயும் செய்ய முடியாது. என்னால முடியாது, எங்கப்பாவால முடியாது."

அவர் கையை நீட்டினார். அவள் வாத்தியத்தைக் கொடுத்து, விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓட்டைகளின் மேல் வைத்தாள். அவர் ஊதினார். பிறகு, அவள் சொல்லாமலே, இழுத்தார். கண்களை மூடிக்கொண்டார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தெருவில் தோல் வண்டி ஒன்று வந்து, இறக்கி, போயும்விட்டது.

கண்ணைத் திறந்தபோது, இதைச் செய்தவன் பெயர் என்ன என்று பெரின் கேட்டாள். பாதிரியாரின் கடிதத்தில் இருக்குமே. நாற்பது பக்கம் இருக்கிறதே. அவர் யோசித்தார். எந்த அரசர் காலத்தில் இந்த வாத்தியம் பிறந்தது என்று இருக்கிறது, குழாயின் நீளங்கள் எல்லாம் இருக்கின்றன, செய்தவன் பெயர் இல்லை என்றார். பாதிரியார் கேட்டிருக்க மாட்டார். கேட்கிற வழக்கம் இல்லை.

பிறகு அவர் பெஞ்சில் கிடந்த அந்த ஒற்றைக் குழாயை எடுத்தார்.

"இது ஏன் மத்ததோட சேரல? கப்பல்ல கெட்டுப் போச்சா?"

படியில் அம்மாவின் இருமல் கேட்டது. இருமல் வராதபோது இருமுகிற இருமல்.

ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். சொல்லக்கூட வேண்டாம். மை காய்ந்துகொண்டிருந்தது. ஆனால் தலையை ஆட்டினால் அது கட்டுரையில் ஏறும் என்று பெரினுக்குத் தெரிந்தது. பதிமூன்றில் ஒன்று வாத்து மாதிரி கத்தியது, சீனர்களின் கைவேலை சீரில்லாதது என்று அச்சில் வரும், பத்து நாட்டில் படிப்பார்கள், நூறு வருஷம் இருக்கும். பெயரைத்தான் யாரும் எழுதவில்லை. தப்பை மட்டும் எழுதி வைப்பார்கள், அவன் செய்யாத தப்பை.

"கப்பல் இல்லீங்க. நான்தான் கெடுத்தேன்," என்றாள். மெழுகைச் சுரண்டியதிலிருந்து பற்றவைத்தது வரை எல்லாவற்றையும் சொன்னாள். வியாழக்கிழமை நீங்கள் உருகியது பீக்கிங் குரலுக்கு அல்ல, என் தகரத்துக்கு என்பதையும் சொன்னாள். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

அவர் முகம் சுண்டிப்போனது. கத்தவில்லை. இதற்கு மேல் உனக்கு நான் எப்படி நல்ல கடிதம் எழுத முடியும் என்று வருத்தமாகவே கேட்டார்.

"நல்ல கடிதம் வேணாங்க. நடந்தத எழுதுங்க."

அவர் எழுதினார். மூன்று தடவை நிறுத்தி, ஒரு தடவை தனக்குள் சிரித்து எழுதினார். மை காய மணல் தூவி அவளிடம் கொடுத்தார். பீக்கிங்கிலிருந்து வந்த வாத்தியத்தில் ஒரு நாக்கை இந்தப் பெண் அறியாமையால் அழித்தாள். மறைக்க வழி இருந்தும் தானே சொன்னாள். மீதிப் பன்னிரண்டிலும் எதன் மேலும் படாத நாக்கு எப்படிப் பாடும் என்பதை, பாரிஸில் வேறு யாருக்கும் தெரியாததை, கண்டு சொன்னாள். இவளால் என் கட்டுரையில் பதினோரு பக்கம் வீணாயிற்று. கீழே முழுப் பெயரும் பட்டங்களும்.

அம்மா அதைக் காஸ்பாரைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். "சான்றுக் கடிதமாடி இது? குற்றப் பத்திரிகை," என்று சொல்லிவிட்டு மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அழித்த நாக்குக்குப் பதில் இன்னொன்று செய்து தருவதாக பெரின் ஒப்புக்கொண்டிருந்தாள். பாஸ்காவுக்கு முந்தின வாரம் முழுவதும் அதில் போனது. கனம் கூடினால் ஊமை. இடைவெளி மயிரிழை கூடினால் காற்று மட்டும் போகும். மயிரிழை குறைந்தால் ஓரத்தில் உரசிக் கரகரக்கும். ஊதும்போது பாடுகிற ஒன்று இழுக்கும்போது செத்துவிடும். பத்தொன்பது தகடு குப்பைக்குப் போனது. ஒவ்வொன்று போகும்போதும் அந்த ஆளின் மேல் அவளுக்கு மரியாதை ஏறியது. நடுநடுவே கெட்ட வார்த்தையில் அவனைத் திட்டவும் செய்தாள். இருபதாவது பாடியது. அதை ஷெங்கில் வைத்துக் கொடுத்துவிட்டு, கை மறப்பதற்குள் இன்னொன்று வெட்டி, ஒரு சாண் குழாயில் பொருத்தி, பாவாடைப் பையில் போட்டுக்கொண்டு செவ்வாய்க்கிழமை சங்கத்துக்குப் போனாள்.

மேசைக்குப் பின்னால் மூன்று பேர். விசிறிக்காரர், சீப்புக்காரர், நடுவில் ஆர்கன்காரர்களில் மூத்தவரான கிழவர் ஆன்செல்ம். விசிறிக்காரர் கடிதத்தை உரக்கப் படித்தார். அழித்தாள் என்கிற இடத்தில் நிறுத்தி, மற்ற இருவரையும் பார்த்து, அதை மறுபடி படித்தார். இப்படி ஒரு சிபாரிசை இந்த மேசை பார்த்ததில்லை என்றார். சீப்புக்காரர் சிரித்தார்.

ஆன்செல்ம் சிரிக்கவில்லை. எதன் மேலும் படாத நாக்கு பாடுகிறது என்று எழுதியிருக்கிறதே, எழுதியவருக்குத் தொழில் தெரியாது சரி, உனக்குமா தெரியாது என்று கேட்டார். ஐம்பத்திரண்டு வருஷம் நாக்கு வெட்டியவர் அவர். பெரினின் அப்பாவுக்கே வெட்டக் கற்றுக் கொடுத்தவர்.

பெரின் பையிலிருந்து குழாயை எடுத்து அவர் முன் வைத்தாள். அவர் அதைத் திருப்பி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, நாக்கைச் சுற்றி மூன்று பக்கமும் வெளிச்சக் கோடு தெரிவதைப் பார்த்தார். இது பேசாது என்றார், கனிவாகவே.

"இந்த ஓட்டைய மூடிக்கிட்டு ஊதுங்க தாத்தா."

ஊதினார். கூடம் முழுக்க அது எழுந்தது. விசிறிக்காரர் கடிதத்தைக் கீழே வைத்தார்.

"இப்ப உள்ள இழுங்க."

கிழவர் அவளை ஒரு தரம் பார்த்தார். இழுத்தார். அவருடைய புருவம் இரண்டும் மெல்ல மேலே போயின, அங்கேயே நின்றன. வெளியே விட்டார். இழுத்தார். அந்தக் குழாய்க்குத் தெரிந்தது ஒரே ஒரு சுரம்தான்; அந்த ஒன்றையே அவர் பெரிதாக்கினார், நூலாக்கினார், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருமட்டும் மெலிய விட்டு அங்கிருந்து திரும்பக் கொண்டுவந்தார். ஐம்பத்திரண்டு வருஷமும் அவர் முகத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று விழுவதை பெரின் பார்த்துக்கொண்டே நின்றாள். வெளியே வரிசையில் காத்திருந்த சீப்புக்காரர்களும் விசிறிக்காரர்களும் ஒவ்வொருவராகக் கதவருகே வந்து கூடினார்கள். யாரும் உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

சீப்புக்காரர்தான் கடைசியில், பெரினின் பெயர் ஏற வேண்டிய பட்டறை முதலாளிகள் பதிவேட்டைக் கிழவர் பக்கம் தள்ளி, இறகுப் பேனாவைக் கையில் திணித்தார். ஆன்செல்ம் குழாயை வாயிலிருந்து எடுக்கவில்லை. மற்றக் கையால் தடவி, கோடு எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே, கையெழுத்தைப் போட்டார்.